கோபத்தை விட்ட மாஸ்டர்

உலகத்தில் கோபக்காரர்கள் இருக்கிறார்கள். கோபமே வராதவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தாலும் நமக்குப் பெரிய உபத்திரவம் கிடையாது. முதல் கூட்டம் கத்தும், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகும், கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு சாப்பிட ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்கும். இரண்டாவது கூட்டம் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போவது மூன்றாவதாக ஓர் இனத்தை. கோபத்தை விட்டவர் என்று பெயர். சிகரெட்டை விட்டவரைப் பார்த்திருப்பீர்கள், விட்ட நாளிலிருந்து வேறு எதைப் பற்றியும் பேசமாட்டாரே, அவருக்கு இவர் நெருங்கிய சொந்தம்.

இவரை அடையாளம் காண்பது எளிது. நீங்கள் சாதாரணமாக ஏதோ ஒன்று சொல்கிறீர்கள். "நேத்து போன் பண்றேன்னு சொன்னீங்களே" என்கிறீர்கள், வைத்துக்கொள்வோம். கோபக்காரராக இருந்தால் "எனக்கு வேற வேலை இல்லையா" என்று பாய்வார், நீங்களும் பதிலுக்குப் பாய்வீர்கள், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். இவர் பாயமாட்டார். கண்ணை மூடுவார். மூக்கு வழியாக மூச்சை இழுப்பார். அது எங்கே போய்ச் சேர்கிறதோ தெரியாது, அவ்வளவு நேரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பிறகு டயரில் காற்று இறங்குகிற மாதிரி வாய் வழியாக விடுவார். கண்ணைத் திறந்து, பாதிக் குரலில், சொல்லுக்குச் சொல் ஓர் ஆள் நடந்து போகிற அளவுக்கு இடைவெளி விட்டு, "நான்... கோபமா... பேசல" என்பார். கோபமாகப் பேசுகிறார் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த நிமிஷத்திலிருந்து குற்றவாளி நீங்கள்தான்.

என் அக்காவின் கணவர் இந்த இனத்தில் முதல் தரம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை செய்கிறார். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள், அக்காகூட அக்கம்பக்கத்தில் பேசும்போது "மாஸ்டர் இன்னும் வரல" என்றுதான் சொல்வாள். நான் மாமா என்பேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற எனக்கு எதற்குக் கார் என்று கேட்காதீர்கள், முதலாளி ஓட்டத் தெரிந்தவனுக்குத்தான் பதவி உயர்வு என்று சொல்லிவிட்டார். ஆக நானும் மாமாவிடம் மாணவன். அதனால்தான் இந்தக் கதையைப் பின்சீட்டிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

மாமாவின் பொறுமை வெளியில் பிரசித்தம். ஒரு பல் டாக்டர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, நடைபாதையில் ஏறி, முடிதிருத்தும் கடையின் வாசலில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார். உள்ளே ஒருவர் முகம் முழுக்க நுரையோடு எழுந்து நின்றுவிட்டார். மாமா கொஞ்சம்கூடப் பதறாமல், "பரவாயில்ல டாக்டர், இவ்வளவு தூரம் வந்துட்டோம், இப்படியே ரிவர்ஸ் கத்துக்கலாம்" என்றார். அப்பேர்ப்பட்ட மனிதர். அதே மனிதர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவருடைய அம்மா "ஏன்ப்பா இன்னைக்கு லேட்டு?" என்று கேட்பார். அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான். கடையில் கண்ணாடியை முகத்தில் வீசுகிற வாடிக்கையாளரிடம் "இருங்க சார், வேற ஃபிரேம் காட்டறேன்" என்று குழைகிற நானே, என் அம்மா போனில் "இளைச்சுட்டியா?" என்று கேட்டால் கடித்துக் குதறிவிடுகிறேன். பெற்றவளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் நம்முடைய எந்தப் பட்டனை எங்கே அமுக்க வேண்டும் என்று தெரியும். பொருத்தினவர்களே அவர்கள்தானே.

மாமா மனம் திருந்தியது ஒரு பயிற்சி வகுப்பில். பதற்றமில்லாமல் கற்றுக்கொடுப்பது எப்படி என்று பள்ளி முதலாளி தன் மாஸ்டர்களுக்கெல்லாம் ஏற்பாடு செய்திருந்தார். கன்னத்தில் மைக் ஒட்டிய ஒருவர் வந்து பேசினார். நம்மைக் கோபப்படுத்துவது மனிதர்கள் இல்லை, சில சொற்கள், சில சத்தங்கள், அதற்குப் பெயர் ட்ரிகர், உங்களுடைய ட்ரிகர் எது எது என்று உங்களுக்குள்ளே தேடிக் கண்டுபிடியுங்கள், அது வரும்போது மூச்சைக் கவனியுங்கள் என்றார். மற்ற மாஸ்டர்கள் மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கலைந்து போனார்கள். மாமா மட்டும் நம்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருந்தோம். மாமா, அக்கா, மாமாவின் அம்மா, மாமாவின் தங்கை, அழைக்காமலே வந்திருந்த நான். மாமா தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தார்.

"இனிமே இந்த வீட்ல நான் கோபப்பட மாட்டேன்" என்றார்.

அவருடைய அம்மா கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "உடம்புக்கு என்னப்பா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. எனக்குச் சில ட்ரிகர் இருக்கு. அதைக் கண்டுபிடிச்சுட்டேன்."

"ஐயோ. மாத்திரை ஏதாவது எழுதிக் குடுத்தாங்களா?"

மாமா மூச்சை இழுத்தார். எங்கள் குடும்பத்தில் கேட்ட முதல் மூச்சு அதுதான். விட்டு முடித்துவிட்டுப் பட்டியலை ஆரம்பித்தார். அம்மா "உங்கப்பா இருந்திருந்தா" என்று தொடங்கக் கூடாது. "நான் ஒண்ணும் சொல்லல" என்று முடிக்கவும் கூடாது. அக்கா பாத்திரத்தை மேடையில் வைக்கும்போது எழுப்புகிற அந்தச் சத்தம், அது தன் அடிவயிற்றில் விழுகிறது, ஆகவே கூடாது. நான் அந்த மாதிரி சிரிக்கக் கூடாது. எந்த மாதிரி என்று கேட்டேன். இந்த மாதிரி என்றார். கடைசியாகத் தங்கை பக்கம் திரும்பினார்.

"நீ 'சரி விடு'ன்னு சொல்றியே, அது வேண்டாம்."

தங்கை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். அதற்கு மேல் வாய் வரைக்கும் வந்ததை விழுங்கியது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

இந்த இனத்தின் மூலத் தவறு எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? மைக் வைத்தவர் உள்ளே தேடச் சொன்னார். மாமா தேடி, கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து எங்கள் மடியில் கொட்டிவிட்டார். அவருக்குக் கோபம் வராமல் பார்த்துக்கொள்வது அன்றிலிருந்து எங்கள் வேலை ஆகிவிட்டது. அவர் கோபத்தை விட்டார், நாங்கள் பேச்சை விட்டோம்.

பாவம், மாமாவின் அம்மா. வாழ்நாள் முழுக்க அவர் பேசிய வாக்கியங்களில் பாதிக்கு அந்த இரண்டில் ஒன்றுதான் தலை அல்லது வால். "உங்கப்..." என்று ஆரம்பித்து, மாமாவின் மூக்கு விரிவதைப் பார்த்துவிட்டு, "உங்க சட்டை நல்லா இருக்கு" என்று பெற்ற பிள்ளையை மரியாதையோடு பாராட்டும் நிலைமைக்கு வந்துவிட்டார். அக்கா பாத்திரங்களுக்கு அடியில் துணி விரித்தாள். மாமாவின் அம்மா மத்தியானங்களில் எனக்குக் கடைக்குப் போன் செய்வார். "அவன் கத்தினா என்ன வேணும்னு எனக்குத் தெரியும்பா. இப்ப மூச்சு விடறான். மூச்சுக்கு நான் என்னன்னு பதில் சொல்ல?" என்பார். நான் ஒரு கையால் லென்ஸைத் துடைத்துக்கொண்டே ஊம் போடுவேன்.

இவர் தன் கோபத்தை மட்டும் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்தவர் கோபத்தையும் அவரேதான் கண்டுபிடிப்பார். ஒருநாள் மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டார் ஓடுகிறது, அக்கா குளியலறையில் சோப்போடு நிற்கிறாள்.

"என்னங்க, மோட்டாரை நிறுத்துங்க. எவ்வளவு நேரமா கத்தறேன்."

"நீ இப்ப ட்ரிகர் ஆகியிருக்கே."

"நான் ஒண்ணும் ஆகல. மோட்டாரை நிறுத்துங்க."

"உன் குரல்ல தெரியுது. நான் உனக்குக் கொஞ்சம் இடம் குடுக்கறேன். நீ அமைதியானதும் பேசலாம்."

"எனக்கு இடம் வேண்டாம், தண்ணி போகுது."

மாமா இடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். மாடிப்படி வழியாகத் தண்ணீர் இறங்கி அவர் செருப்பைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனது. அதையும் அவர் மூச்சோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

சரி, கோபம் எங்கேதான் போனது? அதற்கும் ஓர் இடம் வேண்டுமே. அது மாமாவின் வலது காலுக்குப் போயிருந்தது. கார் பள்ளி வண்டிகளில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு ப்ரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் எதிலாவது மோதப் போனால் மாஸ்டர் அதை மிதிப்பார், கீச்சென்று ஒரு சத்தத்தோடு வண்டி நிற்கும். வருஷக்கணக்காக மிதித்து மிதித்து அந்தக் காலுக்குத் தனி அறிவு வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் யாராவது ஏடாகூடமாகப் பேசினால் மாமாவின் முகம் சாந்தமாக இருக்கும், குரல் சாந்தமாக இருக்கும், மேசைக்கடியில் வலது கால் தரையைப் போட்டு அழுத்திக்கொண்டிருக்கும். நாங்கள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டோம். குனிந்து காலைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவோம்.

இதற்குள் பள்ளி முதலாளி இதில் வியாபாரம் இருப்பதைக் கண்டுகொண்டார். மாமா ஓட்டும் வண்டியின் இரண்டு கதவுகளிலும் 'கோபப்படாத மாஸ்டர்' என்று பெரிதாக எழுதிவைத்தார். பயந்த சுபாவமுள்ளவர்கள் எல்லோரும் அந்த வண்டிதான் வேண்டும் என்று வந்து நின்றார்கள். மாமா காலையில் வண்டியைத் துடைக்கும்போது கதவை மட்டும் கூடுதலாகத் துடைப்பார். கதவில் எழுதியபின் மனிதன் எப்படி மாறுவது?

இப்போது தங்கை விஷயத்துக்கு வருகிறேன். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டில் இரவு வேலை. கணவனோடு வாழ்க்கை சரிப்படாமல் மகளை அழைத்துக்கொண்டு தனியாக வந்துவிட்டவள். இவள் வேலைக்குப் போகும் இரவுகளில் குழந்தை மாமா வீட்டில் வந்து படுத்துக்கொள்ளும், அம்மா எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே தூங்கும். இந்த நிலைமையில் அதே ஆஸ்பத்திரியில் இன்னொரு வேலை காலியானது. நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலை, முழுக்கப் பகலில்தான். ஆஸ்பத்திரி கார் கொடுக்கும், ஓட்டுநர் கொடுக்காது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸோடு வந்தால் வேலை உனக்கு, இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டிக்காட்டும் தேர்வு ஒன்றுதான் மிச்சம், தவறினால் மறுபடி நாள் கிடைக்க வெகுநாள் ஆகும். மற்ற மாஸ்டர்கள் யாருக்கும் நேரமில்லை. அண்ணனிடம்தான் கற்றாக வேண்டும்.

அந்தப் பாடங்களுக்கு நானும் பின்சீட்டில் இருந்தேன். முன் ஜென்மத்தில் என்ன செய்தேனோ. ஊரான் வீட்டு டாக்டர் நடைபாதையில் ஏறினால் பரவாயில்லை என்கிறவர், தங்கை கியர் மாற்றும்போது சின்னதாக ஒரு சத்தம் வந்தால் உலகம் இடிந்த மாதிரி மூச்சை இழுப்பார். "முதல்ல நீ என்ன தப்பு பண்றேன்னா" என்று ஆரம்பிப்பார். தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவாள். உண்மையைச் சொன்னால் அவள் நன்றாகவே ஓட்டினாள். திடீர் திடீரென்று வண்டி கீச்சென்று நிற்கும், அவ்வளவுதான்.

"அண்ணா, நீ ப்ரேக்கை மிதிச்சே."

"நான் மிதிக்கல."

"சத்தம் கேட்டுச்சே."

"வண்டி பழசு. நான் அமைதியாத்தான் இருக்கேன்."

"சரி வி..." என்று வரும். மீதியைக் கண்ணாடியைப் பார்ப்பது போல் திரும்பி விழுங்கிவிடுவாள். வண்டி அப்படியும் ஒருமுறை நிற்கும்.

அந்த இரண்டு வார்த்தையில் அப்படி என்ன இருக்கிறது என்று அக்காவிடம் ஒருநாள் கேட்டேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அந்த மாப்பிள்ளையைப் பார்த்து வச்சது உங்க மாமாதானே" என்றாள். "அவ எல்லாத்தையும் விட்டுட்டு வந்து நின்னப்ப, நான் பேசிப் பாக்கறேன்னு இவர் கிளம்பினார். அவ 'சரி விடு'ன்னா. உன் மேல தப்பு இல்லன்னும் சொல்லல, இருக்குன்னும் சொல்லல. அன்னையிலேருந்து எதுக்கெடுத்தாலும் அதேதான்." அக்கா சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமாவுக்காகக்கூட ஒரு நிமிஷம் மனசு கஷ்டப்பட்டது. அடுத்த நாள் பாடத்தில் ஹெட்லைட்டுக்கும் வைப்பருக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று என்னைச் சொன்னார், உடனே சரியாகிவிட்டது.

தேர்வு நாள். விதி இதுதான்: ஓட்டுகிறவர் பக்கத்தில் மாஸ்டர், பின்னால் தேர்வு அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் அடுத்து ஓட்ட வேண்டியவர், அதாவது நான். மாஸ்டர் வாயைத் திறக்கக் கூடாது. மாஸ்டர் பக்கத்து ப்ரேக் கீச்சென்றால் ஓட்டுகிறவர் தோற்றார். ஆபத்து இல்லாமல் எந்த மாஸ்டரும் அதைத் தொடமாட்டார் என்பது கணக்கு. தேர்வு அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி, மடியில் அட்டை, கையில் பேனா, முகத்தில் ஒன்றுமில்லை. ஏறும்போது கதவில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு மாமாவை ஒருமுறை பார்த்தார். மாமா அடக்கமாகத் தலையசைத்தார்.

தங்கை அருமையாக ஓட்டினாள். சந்தியில் நின்றாள், பார்த்தாள், திரும்பினாள். இரண்டு கம்பங்களுக்கு நடுவில் பின்னாலேயே போய் ஒட்டாமல் நிறுத்தினாள். எனக்கே பொறாமையாக இருந்தது. திரும்பி வரும் வழியில் நீளமாக ஒரு காலிச் சாலை. அதில் வந்து சேர்ந்தபின் அவள் தோள் கொஞ்சம் தளர்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். மாமாவால் பொறுக்கவில்லை. எல்லாம் நன்றாகப் போகும்போது கோபத்தை விட்டவருக்குச் சொல்ல ஏதாவது வேண்டுமே.

"கண்ணாடியைப் பாரு" என்று முணுமுணுத்தார்.

"மாஸ்டர், பேசக் கூடாது" என்றார் அதிகாரி.

"பாத்துட்டேன்" என்றாள் தங்கை, உதட்டைப் பிரிக்காமல்.

"எங்க பாத்தே. முதல்ல நீ என்ன தப்பு பண்றேன்னா..."

"சரி விடுண்ணா."

கீச்.

என் நெற்றி முன்சீட்டில் மோதியது. அதிகாரியின் பேனா அட்டையின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பறந்தது. வண்டி நடுச்சாலையில் நின்றது. மாமா கண்ணை மூடியிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

அதிகாரி பேனாவைத் தேடி எடுத்தார். "மாஸ்டர், ப்ரேக் போட்டது நீங்கதானே?"

வண்டி பழசு என்று சொல்வார் என்று நான் நினைத்தேன். "ஆமா மேடம்" என்றார்.

"எதுக்கு?"

முன்னால் சாலை வெறிச்சென்று கிடந்தது. ஒரு சைக்கிள்கூட இல்லை. ஓரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது, எழுந்திருக்கிற உத்தேசம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தாலும் நாய் நாய்தானே. அதைக் கைகாட்டி, குறுக்கே வருகிற மாதிரி இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதிகாரி எழுதிக்கொள்வார். கதவில் எழுதியது கதவில் இருக்கும், மாமாவின் பெயர் பிழைக்கும். தங்கை தோற்பாள், வேலை அடுத்தவருக்குப் போகும், குழந்தை எப்போதும் போல் அம்மா எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே தூங்கும். மாமாவின் கண் நாய்க்குப் போனதை நான் பார்த்தேன். தங்கையும் பார்த்தாள். அவளுடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன, விரல் எலும்பெல்லாம் வெளுத்திருந்தது.

"சொல்லுங்க மாஸ்டர். எதுக்குப் போட்டீங்க?"

மாமா மூச்சை இழுத்தார். விடவில்லை. "நான் கோபமா..." என்று ஆரம்பித்தார். நின்றார். தன் வலது காலைக் குனிந்து பார்த்தார், யாரோ அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மாதிரி. அது இன்னும் பெடலில்தான் இருந்தது.

"கோபம் மேடம்" என்றார். "ரோட்ல ஒண்ணுமில்ல. நாய் படுத்துட்டுதான் இருக்கு. எனக்கு இவ மேல கோபம்."

"என்ன கோபம்?" என்று கேட்டது அதிகாரி இல்லை, தங்கை.

"என்னை நீ திட்டவே மாட்டேங்கறே. அந்தப் படுபாவியை நான்தானே பாத்து வச்சேன். விசாரிச்சேன், நல்ல பையன்னு சொன்னேன், உன்னைக் கட்டாயப்படுத்தினேன். ஒரு வார்த்தை கேட்டியா நீ? சரி விடு, சரி விடுன்னு பிச்சை போடற மாதிரி..."

"திட்டினா?" என்றாள் தங்கை. குரல் ஏறிவிட்டது, ஆனால் கண் மட்டும் சாலையை விட்டு நகரவில்லை, அவ்வளவு நல்ல மாணவி. "திட்டினா நீ என்ன பண்ணுவே? முன்னாடியெல்லாம் என் வாயைத் திறக்க விடாம கத்துவே. இப்ப கண்ணை மூடிட்டு மூச்சு விடுவே. நான் யார்கிட்ட போய்ச் சண்டை போடறது? எனக்கு உன் மேல எவ்வளவு கோபம் இருக்குன்னு உனக்குத் தெரியுமா? அந்த ஆளை விடு, அவன் யாரோ. நீ என் அண்ணன். நான் வேண்டாம்னு சொன்னப்ப நீ ஏன் கேக்கல?"

மாமாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் பார்த்தேன். அதிகாரி ஜன்னல் வழியாக அந்த நாயை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?" என்றார், நாயிடமிருந்து கண்ணை எடுக்காமல். "மிச்சத்தை வீட்ல வச்சுக்கங்க. வண்டியை எடும்மா. மாஸ்டர், காலை மேல எடுங்க."

மாமா காலை எடுத்துச் சீட்டுக்கடியில் மடக்கிக்கொண்டார். தங்கை அழுதுகொண்டே கியர் போட்டாள், ஒரு சத்தமில்லை. திரும்பும்போது இண்டிகேட்டர் போட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கோட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். அதிகாரி அட்டையில் எதையோ எழுதினார். "ப்ரேக்குக்குக் காரணம் ரோட்ல இல்ல. அதனால உங்க கணக்குல வராது" என்று தங்கையிடம் சொன்னார். "இந்த நிலைமையில இவ்வளவு நிதானமா ஓட்டினவங்களை நான் பாத்ததில்ல." பிறகு மாமாவிடம், "கதவுல எழுதியிருக்கறதை மட்டும் அழிச்சிடுங்க" என்றார்.

நான் பாஸ் செய்தேனா என்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள். வைப்பரைப் போட்டுக்கொண்டு நல்ல வெயிலில் முழு வட்டமும் ஓட்டினேன்.

மிச்சத்தை வீட்டில்தான் வைத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் அண்ணனும் தங்கையும் போட்ட சண்டையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கல்யாணப் பேச்சில் தொடங்கி, பள்ளிக்கூடத்தில் அவள் குடையை இவர் தொலைத்தது வரை பின்னாலேயே போனார்கள். "நான் செஞ்சது தப்புதான், போதுமா?" என்று மாமா கத்தினார். "போதாது" என்று தங்கை கத்தினாள். அம்மா ஆசையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்கப்பா இருந்திருந்தா" என்று மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்ததை ஆரம்பித்தார். அக்கா பாத்திரத்தை வைத்தாள் பாருங்கள் மேடையில், எனக்கே அடிவயிற்றில் விழுந்தது. தங்கைக்கு வேலை கிடைத்தது. குழந்தை இப்போது சொந்த வீட்டில் அம்மா பக்கத்தில் தூங்குகிறது.

மாமா திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களா? இந்த இனம் திருந்தாது, கட்சி மாறும். இப்போது அவர் கோபத்தை ஒத்துக்கொண்டவர். கோபத்தை அடக்குவது எவ்வளவு பெரிய தப்பு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் விளக்குகிறார். "மாப்ள, உனக்குள்ள நிறையக் கோபம் இருக்கு, வெளிய விடு" என்று போனவாரம் என்னைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இல்லை மாமா என்றேன். இருக்கு என்றார். இல்லவே இல்லை என்றேன். கடைசியில் அவர் சொன்னது சரியாகிவிட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு இந்த வியாதி கிடையாது, எனக்குத் தெரியும். நீங்கள் கத்துவதில்லை, பட்டியல் போடுவதில்லை, உங்கள் வீட்டில் சண்டையே கிடையாது, தம்பியும் தங்கையும் பிள்ளைகளும் உங்களிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனாலும் ஒரு சந்தேகத்துக்கு, இதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் அவர்களில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்: "என் மேல உனக்கு ஏதாவது கோபம் இருக்கா?" என்று. மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு "இருக்கு" என்று சொன்னால் நீங்கள் பிழைத்தீர்கள், உட்கார்ந்து கேளுங்கள். "சே சே, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லையே" என்று சிரித்துக்கொண்டே, உங்கள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னால், விஷயம் ரொம்பவே முற்றிவிட்டது.